கயிறு நைந்த கதை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டையும் பார்த்துவிட்டவன் என்ற முறையில் நான் ஒரு விஷயம் சொல்லலாம். கல்யாணத்தில் கஷ்டப்படுகிறவர்கள் பெண்ணைப் பெற்றவரும் பிள்ளையைப் பெற்றவரும்தாம்; பந்தல்காரனுக்கோ சமையற்காரனுக்கோ அதனால் பிராணாபத்து ஒன்றும் கிடையாது. வீடு கட்டும் காரியத்தில் பணம் போவது நமக்கு. உயிர் போகக் கூடிய இடத்தில் நிற்பவர் வேறொருவர். கணக்கு நோட்டில் சிமெண்டு, மணல், கம்பி, கூலி என்று வரிசையாக எழுதிக்கொண்டு போகிறோமே, அதில் அந்த இரண்டாவது விஷயத்துக்கு ஒரு பத்தி கிடையாது. என் நோட்டிலும் கிடையாது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலையில் பிறந்து, கீழே போய்ப் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு, திரும்பவும் மலைக்கே வந்து உபாத்தியாயராக இருப்பவன் நான். அறப்பளீசுவரர் கோயிலுக்கோ, ஆகாய கங்கை அருவிக்கோ வந்து போனவர்களுக்கு எங்கள் பாதை மறந்திருக்காது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரையில் எழுபது கொண்டையூசி வளைவுகள். முப்பதாவது வளைவில் 'இன்னும் எத்தனை?' என்று கேட்காத குழந்தையையும், ஐம்பதாவது வளைவில் எலுமிச்சம்பழத்தைத் தேடாத தாயாரையும் நான் பார்த்ததில்லை. இந்த எழுபது வளைவுகளும் இந்தக் கட்டுரையில் பின்னால் ஒரு முறை வரப் போகின்றன. அப்பொழுது அவ்வளவு வேடிக்கையாக இராது.

என் பாட்டன் காலத்தில் எங்கள் ஊரில் வீடு கட்டுவதென்றால் மண் சுவரும் புல் கூரையுந்தான். உறவினர் எல்லாரும் கூடி வந்து மண் மிதிப்பார்கள், கூரை வேய்வார்கள். தவறி விழுந்தாலும் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் விழ வழியில்லை. இப்பொழுது மலை முழுவதும் கான்கிரீட்டு வீடுகள் எழும்பி வருகின்றன. பிரயாணிகள் தங்குகிற விடுதிகள் வேறு. வீடு உயர்ந்துவிட்டது, வேலை செய்கிற முறை மட்டும் பாட்டன் காலத்திலேயே நின்றுவிட்டது.

எங்கள் மலைப் பிள்ளைகளுக்கு உயரம் என்றால் பயம் கிடையாது. இங்கே மிளகுக் கொடியைச் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றி வளர்க்கிறார்கள். மரமோ பனை உயரம் போகும். தை பிறந்து மிளகு பழுத்ததும், கணுக் கணுவாகக் கால் வைக்க இடம் விட்டு வெட்டிய ஒற்றை மூங்கிலைச் சாத்திக்கொண்டு விறுவிறு என்று ஏறிவிடுவார்கள். சமவெளிக்காரர் கீழே நின்று பார்த்தால் அவருக்குத்தான் தலை சுற்றும். ஆகையினாலே கட்டட மேஸ்திரிகளுக்கு எங்கள் பையன்களிடம் தனிப் பிரியம். 'மலைக்காரப் பையன், குரங்கு மாதிரி ஏறுவான்' என்று பாராட்டுவார்கள்.

இந்தப் பாராட்டில்தான் அபாயம் இருக்கிறது. மரத்தில் ஏறுகிறவன் தன் மூங்கிலைத் தானே வெட்டி, தானே சாத்தி, ஒவ்வொரு கணுவையும் தன் காலாலேயே சோதித்துக்கொண்டு ஏறுகிறான். சாரத்தில் ஏறுகிறவனோ, வேறொருவன் கட்டிய முடிச்சின் மேல், வேறொருவன் வாங்கிக் கொடுத்த கயிற்றின் மேல் ஏறி நிற்கிறான். உயரம் ஒன்றேயானாலும் இரண்டும் வெவ்வேறு வித்தைகள். முதல் வித்தையை எங்கள் பிள்ளைகளுக்குத் தகப்பன்மார் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவதை ஒருவரும் கற்றுக் கொடுக்கவில்லை.

2022-ஆம் வருஷம் தை மாதத்தில், என் வீட்டுக்கு மேல் மாடியில் ஓர் அறை கட்டிக் கொண்டிருந்தேன். கொத்தனார் ஒருவர், ஆண் ஆட்கள் இருவர், சித்தாள்கள் மூவர், ஆக ஆறு பேர். ஆண் ஆட்களில் ஒருவன் என்னிடம் பத்தாம் வகுப்பு வரையில் படித்த பையன். அப்பொழுது அவனுக்கு இருபத்திரண்டு வயது. கணக்கில் சுமார், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வெளிச் சுவருக்குப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. கிருகப் பிரவேசத்துக்கு நாள் குறித்துப் பத்திரிகையும் அச்சடித்தாகிவிட்டது. பாக்கியிருந்தது பன்னிரண்டு நாள்.

கொத்தனார் வயதானவர், அதிகம் பேசாதவர். ஒரு நாள் சாயங்காலம் கூலி வாங்கிக் கொள்ளும்போது, "சாரத்துக்குப் புதுக் கயிறு ரெண்டு கட்டு வேணுமுங்க, வாத்தியாரய்யா" என்றார். இரண்டு மழைக் காலம் மாட்டுக் கொட்டகையின் பின்னால் கிடந்த தேங்காய் நார்க் கயிறுதான் சாரத்தில் கட்டியிருந்தது. புதுக் கயிறு வாங்க வேண்டுமானால் செம்மேட்டுக்குப் போய் வர வேண்டும். அரை நாள் போய்விடும். "இருக்கிறதை வைத்துக்கொண்டு முடித்துவிடுங்கள், இன்னும் நாலு நாள் வேலைதானே?" என்றேன். அவர் மறுபடியும் கேட்கவில்லை. அந்தக் கயிற்றின் விலையைக் காட்டிலும் நிலைக்குக் கட்டிய பூச்சரத்துக்கு நான் அதிகம் கொடுத்தேன் என்பதைப் பிற்பாடு கணக்கு நோட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் வகுப்பில் இருந்தேன். ஆள் வந்து கூப்பிட்டான். ஓடிப் போய்ப் பார்த்தால், குறுக்குக் கம்பு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருக்கிறது. பலகை கீழே கிடக்கிறது. செங்கல் குவியலின் மேல் பையன் கிடக்கிறான். பன்னிரண்டு அடி உயரந்தான். பன்னிரண்டு அடியில் மனிதன் சாகமாட்டான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தப்பு. தலை முதலில் பட்டால் ஆறு அடியே போதும்.

அவன் வலி தாங்காமல் கத்தினான். நாங்கள் செய்தது என்ன தெரியுமா? ஒருவர் தோளைப் பிடித்தார், ஒருவர் இடுப்பைப் பிடித்தார், நான் காலைப் பிடித்தேன். மூன்று பேருமாகத் தூக்கித் திண்ணையில் கிடத்தித் தண்ணீர் கொடுத்தோம். உயரத்திலிருந்து விழுந்தவனுக்கு முதுகெலும்பு முறிந்திருக்கலாம். கழுத்தும் முதுகும் அசையாதபடி, உடம்பு முழுவதையும் ஒரே கட்டையாகப் பலகையில் சேர்த்து எடுக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் தூக்காமல் இருப்பதே மேல் என்பதெல்லாம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பட்டதாரியான எனக்கும் தெரியாது. பக்கத்தில் சாய்ந்து கிடந்த அந்தச் சாரப் பலகையே போதுமானதாக இருந்திருக்கும்.

108 வண்டி வந்தது. வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். எழுபது வளைவுகள் என்று சொன்னேன் அல்லவா? முறிந்த தொடையோடு ஒருவன் படுத்திருக்கையில், ஒவ்வொரு வளைவும் ஒரு தனிப் பாதையாக நீளுகிறது. வளைவுக்கு வளைவு பலகையில் எண் எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு அவற்றை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றிலும் அவன் பல்லைக் கடித்தான். ஒரு வளைவில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, எங்கம்மாகிட்ட லேசான அடின்னு சொல்லுங்க" என்றான்.

ஈசன் கிருபையால் முதுகெலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தொடையும் இடுப்பும் முறிந்திருந்தன. நாலு மாதம் படுக்கையில் கிடந்தான். இன்றைக்கு நடக்கிறான், ஒரு கால் சற்றுக் குட்டை, மரம் ஏற முடியாது. கிருகப் பிரவேசத்தை ஒத்திப் போட்டோம் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அவன் எழுந்து உட்கார்ந்த பிறகு ஒரு நாள், மனசு கேளாமல், "கயிறு நைந்திருந்தது உனக்குத் தெரியாதா, அப்பா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அவன் சொன்ன பதில் இது: "தெரியுமுங்க ஐயா. ஏறும்போதே பார்த்தேன். நீங்க அவசரமா இருந்தீங்க, அதான் சொல்லலைங்க."

பள்ளிக்கூடத்தில் அவனுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்த பெரிய பாடம் அதுதான் போலும்: வாத்தியார் அவசரமாக இருக்கும்போது வாயைத் திறக்காதே.

அதற்குப் பிறகு, குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்கமாட்டாமல், சட்டம் என்ன சொல்லுகிறது என்று தேடிப் படித்தேன். நம் தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கியதல்ல. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காக இங்கே 1982-லேயே ஒரு சட்டம் இயற்றினார்கள். கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் விடாமல் போராடியதன் பலனாக 1994-ல் அவர்களுக்கென்று தனி நல வாரியம் ஏற்பட்டது. தேச முழுவதற்கும் இப்படி ஒரு சட்டம் வேண்டுமென்று 1985 முதல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் ஒரு குழுவினர் கிளர்ச்சி செய்து வந்தார்கள். 1996-ல் மத்திய சர்க்கார் சட்டம் செய்தது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரையில் தீர்வை வசூலித்துத் தொழிலாளர் நலனுக்குச் செலவிட வேண்டும். 500 பேருக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்றெல்லாம் அப்பொழுது ஏற்பாடாயிற்று. பின்பு 2020-ல் பல தொழிற் சட்டங்களை ஒன்றாகச் சேர்த்துப் புதிய தொகுப்பு இயற்றினார்கள். அது 2025 நவம்பர் 21-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. பாதுகாப்பு அதிகாரிக்கு வேண்டிய எண்ணிக்கை அதில் 250 ஆகக் குறைந்திருக்கிறது. ஆபத்து இருக்கிறதென்று தோன்றினால் எஜமானரிடம் முறையிடும் உரிமையையும் தொழிலாளிக்கு அது கொடுக்கிறது. மிகவும் நல்லது.

ஆனால் என் வீட்டைப் பற்றி இந்தச் சட்டங்கள் என்ன சொல்லுகின்றன? ஒன்றும் சொல்லவில்லை! பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடம் 1996-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு வெளியே. சொந்த வாசத்துக்காகக் கட்டும் வீடு, செலவு 10 லட்சத்துக்கு மேற்படாவிட்டால், அதுவும் வெளியே. புதிய தொகுப்பில் அந்த 10 லட்சம் 50 லட்சமாக உயர்ந்திருக்கிறது. விலைவாசி ஏறியிருப்பதால் அப்படிச் செய்தார்கள் போலும். குடித்தனக்காரன் தலையில் இன்ஸ்பெக்டரைக் கட்ட வேண்டாம் என்ற எண்ணம் நியாயமானதுதான். ஆனால் பலன் என்ன? கொல்லிமலையில் எழும்புகிற வீடுகளில் பெரும்பாலானவை, இந்தப் பத்திரிகையைப் படிக்கும் அநேகர் தங்கள் ஆயுளில் ஒரு முறை கட்டப் போகிற வீடு உள்பட, சட்டத்தின் கண்ணுக்கே தெரியாதவை. அங்கே பாதுகாப்பு அதிகாரி யார் என்றால், வீட்டுக்காரர்தான். அதாவது கயிறு வேண்டாம் என்று சொன்ன நான்.

நல வாரியத்தில் பதிவு செய்துகொண்ட தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் உதவித் தொகை உண்டு. என் மாணாக்கன் பதிவு செய்துகொள்ளவில்லை. அவன் பேரைப் பதிவு செய்வித்தது, அவன் விழுந்த பிறகு நான் செய்த முதல் காரியம். வெள்ளம் போன பிறகு அணை!

சட்டத்தின் கண்ணில் படும் பெரிய வேலைகள் மட்டும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று கேட்கலாம். 2014 ஜூன் 28-ஆம் தேதி சென்னைக்கருகே மவுலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் மாண்டார்கள். ஆந்திர தேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் பலர். அஸ்திவாரமே சரியில்லாத கட்டடத்தில், தலைக்கவசம் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்து என்ன பிரயோஜனம்? தொழிலாளிக்குப் பயிற்சி கொடுத்தாயிற்று என்று சொல்லி என்ஜினீயரும் சொந்தக்காரரும் கையைக் கழுவிக்கொள்ள முடியாது என்பதற்கு அந்த 61 பேர் சாட்சி.

பயிற்சியும் பொருட்செலவும் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துக் கோல்டன் கேட் பாலத்தைப் படத்திலாவது பாராதவர்கள் இரார். 1933 முதல் 1937 வரையில் அதைக் கட்டினார்கள். அக்காலத்துக் கண்டிராக்டர்கள் ஒரு பயங்கரமான வாய்ப்பாடு வைத்திருந்தார்கள்: பத்து லட்சம் டாலர் வேலைக்கு ஓர் உயிர். அந்தக் கணக்குப்படி பாலத்துக்கு முப்பத்தைந்து பேரைக் காவு கொடுக்க வேண்டும். தலைமை என்ஜினீயர் ஜோஸப் ஸ்ட்ராஸ் இந்த வாய்ப்பாட்டை ஒப்புக்கொள்ளவில்லை. தலைக்கவசம் இல்லாதவன் வேலைக்கு வரக் கூடாது. உயரத்தில் நின்று சாகசம் காட்டுகிறவனுக்கு அன்றே சீட்டுக் கிழியும் என்று உத்தரவு போட்டார். அதோடு நில்லாமல், ஒரு லட்சத்து முப்பதினாயிரம் டாலர் செலவழித்துப் பாலத்தின் அடியில் நெடுகக் கயிற்று வலை கட்டினார். தவறி விழுந்த 19 பேர் வலையில் விழுந்து பிழைத்தார்கள். அவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டு, 'நரகத்துக்குப் பாதி வழி போனவர் சங்கம்' என்று அதற்குப் பெயரும் வைத்துக்கொண்டார்களாம்! வேலை முடிகிற தறுவாயில், 1937 பிப்ரவரி 17-ஆம் தேதி, ஒரு சாரம் அறுந்து வலையையும் கிழித்துக்கொண்டு விழுந்து பத்துப் பேரைக் கொன்றது. மொத்தம் இறந்தவர் 11 பேர். வலை இருந்தும் பத்துப் பேரைக் கொன்றது சாரந்தான் என்பதை என் போன்றவர்கள் கவனிக்க வேண்டும். அதே வருஷத்தில்தான் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் சாரம், ஏணி, பளுத் தூக்கும் இயந்திரம் இவைகளுக்கெல்லாம் விதி வகுத்துக் கட்டட வேலைக்கென்றே ஓர் உடன்படிக்கை நிறைவேற்றியது.

நம் நாட்டிலும் பயிற்சிக்கு ஏற்பாடு இல்லாமலில்லை. லார்ஸன் அண்டு டூப்ரோ கம்பெனியார் 1995-ல் சென்னையில் கட்டடத் தொழிற் பயிற்சி நிலையம் ஆரம்பித்தார்கள். செங்கற்பட்டு ஜில்லா தையூரில் நல வாரியத்தின் பயிற்சி நிலையம் இருக்கிறது. கொல்லிமலைச் சித்தாள் ஒருத்தி தையூருக்கு எப்படிப் போவாள் என்பதுதான் கேள்வி.

ஆகையால் பயிற்சி எப்படி நடக்கிறதென்று தெரிந்துகொள்ள, மலையில் பெரிய வேலை ஒன்று நடந்த இடத்துக்கு நானே போனேன். அங்கே இளம் என்ஜினீயர் ஒருவர் தினமும் காலையில் வேலை ஆரம்பிக்குமுன் பத்து நிமிஷம் ஆட்களை நிற்க வைத்துப் பேசுவார். தமிழில் ஒரு தடவை. வடக்கேயிருந்து வந்த ஆட்களுக்காக ஹிந்தியில் ஒரு தடவை. அன்றைக்கு அவர் இரண்டு பூசணிக்காய்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்றைத் தரையில் வைத்து, மேல் தட்டிலிருந்து அரைச் செங்கல் ஒன்றை அதன் மேல் போடச் சொன்னார். காய் சிதறிற்று. இரண்டாவதற்குத் தலைக்கவசத்தை மாட்டி, பட்டையைக் கீழே இறுக்கிக் கட்டி, அதே உயரத்திலிருந்து அதே கல்லைப் போடச் சொன்னார். கவசத்தில் வெடிப்பு விழுந்தது, காய்க்கு ஒன்றுமில்லை. ஆட்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கையினால் தங்கள் கவசத்தின் பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதையும் நான் பார்த்தேன்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் வீட்டு வாசலிலும் ஒரு பூசணிக்காய் தொங்கிக்கொண்டிருந்தது. மீசையும் கோரைப் பல்லும் எழுதி, கட்டடத்துக்குத் திருஷ்டி படக் கூடாதென்று ஐம்பது ரூபாய் கொடுத்து நானே வாங்கிக் கட்டியது.

பிறகு, எங்கள் கொத்தனாரிடம் கலந்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் அக்கம் பக்கத்து ஆட்களைக் கூட்டினேன். முதல் தடவை வந்தவர்கள் மூன்றே பேர். காரணம் விசாரித்ததில், "ஒரு நாள் கூலி போகுதுங்களே?" என்றார்கள். அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவனை, உன் நன்மைக்காகத்தான் என்று சொல்லிக் கூலியில்லாமல் உட்கார வைத்துப் பாடம் நடத்துவது வாத்தியார்களுக்குத்தான் நியாயமாகத் தோன்றும். மறு தடவை, வீடு கட்டிக்கொண்டிருந்த நாலு குடும்பத்தாரிடம் பேசி அரை நாள் கூலி போடச் செய்தேன். பத்தொன்பது பேர் வந்தார்கள். அவர்களில் பதினொருவர் பெண்கள். கூலி போட்ட குடும்பத்தாரும் வந்து உட்கார வேண்டும் என்பது நான் போட்ட நிபந்தனை. அது நல்லதாகப் போயிற்று.

ஏணியில் ஏறுகிறவனுக்கு இரண்டு காலும் ஒரு கையுமாவது, இரண்டு கையும் ஒரு காலுமாவது எப்பொழுதும் ஏணியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் புத்தகத்தைப் பார்த்து வாசித்தேன். உடனே ஒரு சித்தாள் எழுந்து, "தலையிலே கலவைச் சட்டி, ஒரு கை சட்டியைப் பிடிக்கும், இன்னொரு கை சேலையைப் பிடிக்கும், ஏணியை எந்தக் கையாலே பிடிக்கிறதுங்க?" என்று கேட்டாள். தாழ்வாரம் முழுவதும் சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. கொத்தனார்தான் சொன்னார்: "சட்டி ஏணியிலே ஏறக் கூடாது. கப்பி போட்டுக் கயித்திலே இழுக்கணும்." கிணற்றில் தண்ணீர் இறைக்கும் அதே கப்பிதான். இத்தனை வருஷமாக அது யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்று கேட்டேன். "தலையிலே சுமந்தாத்தான் அது வேலைன்னு வீட்டுக்காரங்க நினைக்கிறாங்க" என்றாள் அவள். வந்திருந்த வீட்டுக்காரர்கள் தாழ்வாரத்து ஓடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

இன்னொருத்தி சொன்னாள்: "மேலே இருக்கிறவர் கீழே யார் நிக்கிறாங்கன்னு பார்க்கவே மாட்டார். கல்லு வந்து விழுந்தப்புறம் 'பார்த்து, பார்த்து' என்பார்."

கான்கிரீட்டுத் தளத்துக்கு அடியில் நிறுத்தும் முட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது விவாதம் சூடு பிடித்தது. முட்டுகளுக்கு நாள் வாடகை. ஆதலால் வீட்டுக்காரருக்கு அவைகளை எப்பொழுது பிரிப்போம் என்றிருக்கும். இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனத்தார் 2000-ல் வெளியிட்ட 456-ஆம் எண் விதிகளில், சுமார் பதினைந்து அடி வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாள் முட்டுகள் நிற்க வேண்டும் என்று கண்டிருக்கிறது. இது குறைந்த பட்சக் கணக்கு. அதுவும் உஷ்ணம் 15 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்துக்குச் சொன்னது. மார்கழி இரவில் எங்கள் மலையில் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது சகஜம். குளிரில் கான்கிரீட்டு மெதுவாகத்தான் கெட்டிப்படும். கீழே நாமக்கல்லில் ஏழு நாளில் பிரித்தார்களே என்று மேலேயும் ஏழு நாளில் பிரித்தால், தளம் நம் தலைக்கு வரும். ஆகவே, தளம் போட்ட தேதியையும் முட்டுப் பிரிக்கும் தேதியையும் சுவரில் சுண்ணாம்பினால் பெரிதாக எழுதிவிடுவதென்று தீர்மானித்தோம். எழுதிய தேதியை வீட்டுக்காரர் அழிக்கக் கூடாது. எழுத்து வேலை என் மாணாக்கனுக்கு ஒப்படைக்கப்பட்டது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்றேனே!

மலைச் சரிவை வெட்டி மனை ஒழுங்கு செய்வதில் உள்ள ஆபத்தைப் பற்றிச் சொல்ல என்னைவிட அவர்களுக்கே அதிகம் தெரிந்திருந்தது. ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை டன் எடை. மார்பு வரையில் மூடிவிட்டால் முகம் வெளியே இருந்தும் மூச்சு விட முடியாது. ஐந்து அடிக்கு மேல் தோண்டினால் பக்கவாட்டில் பலகை கொடுத்து முட்டு நிறுத்த வேண்டும். அல்லது பக்கத்தைச் சரிவாக வெட்ட வேண்டும். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்கக் கூடாது. ஐப்பசி மழை பெய்த மறுநாள் குழிக்குள் இறங்கவே கூடாது. கடைசி விதியை ஒரு கிழவர் சொன்னார். என் புத்தகத்தில் அது இல்லை. எழுதிச் சேர்த்துக்கொண்டேன்.

கடைசியாகக் கயிற்றைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அதை நான் பேசவில்லை. என் மாணாக்கன் எழுந்து, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பழைய நார்க் கயிறு ஒன்றை முறுக்கைப் பிரித்து உள்ளே காட்டினான். மேலே பார்த்தால் சாதாரணக் கயிறு. உள்ளே மாவாக உதிர்ந்தது. "வெளியிலே பார்க்காதீங்க, பிரிச்சுப் பாருங்க. பிரிச்சுப் பார்த்துட்டு ஏற மாட்டேன்னு சொல்லுங்க. யாரா இருந்தாலும் சொல்லுங்க" என்றான். 'யாரா இருந்தாலும்' என்றபோது என் பக்கம் திரும்பவில்லை. அது அவனுடைய மரியாதை.

இப்பொழுது அவன் மிளகும் அன்னாசிப்பழமும் விற்கும் சிறு கடை ஒன்று வைத்திருக்கிறான். சாயங்காலம் கடையைக் கட்டிவிட்டு, எங்கே சாரம் நிற்கிறதோ அங்கே மெதுவாக நடந்து போவான். முடிச்சு முடிச்சாக இழுத்துப் பார்ப்பான். யாரும் அவனுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. யாரும் அவனை வரவேண்டாமென்றும் சொல்லவில்லை. சென்ற வாரம் ஒரு வீட்டுக்காரர் என்னிடம் புகார் சொல்ல வந்தார். அவர் வைத்திருந்த கயிறு முழுவதையும் இவன் அரிவாளால் முழம் முழமாக நறுக்கிப் போட்டுவிட்டானாம். "நல்ல கயிறு, வாத்தியாரே! இன்னும் ஒரு வருஷம் வந்திருக்கும்" என்றார். துண்டுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கன்றுக்குட்டி கட்ட வைத்துக்கொண்டிருக்கிறாராம். கன்றுக்குட்டி இரண்டு தடவை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்றும் அவரே சொன்னார்.